மாட்டு மூத்திரம் உரம், நாய் மூத்திரம் மட்டும் புல்லைக் கருக்குமா?

கேள்வி: திருப்பூர் வாசகர்
பிப்ரவரி 11, 2024, காலை 7:52

வீட்டு முன்னால் முக்கால் சென்ட்டுக்குக் கொரியன் புல் போட்டிருக்கிறோம். லாப்ரடார், பொட்டை, இரண்டு வயசு. தரை முழுக்கத் தட்டு தட்டாக மஞ்சள். தோட்டக்காரர் "நாய் மூத்திரத்தில் ஆசிட் இருக்குதுங்க, சுண்ணாம்பு தூவுங்க" என்கிறார். எங்கள் அப்பா ஊரில் மாட்டுக் கோமியத்தைத் தென்னைக்கு ஊற்றியே வளர்த்தார், ஒரு ஓலை கருகியதில்லை. மாட்டு மூத்திரம் உரம், நாய் மூத்திரம் மட்டும் விஷமா? பாக்கெட் தீனி தின்னும் சீமை நாய்க்குத்தான் இப்படி ஆகும் என்பது என் கணக்கு. நாட்டு நாய் வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 11, 2024, இரவு 9:40

நாட்டு நாய் வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். கோவை, வடவள்ளிப் பக்கம். எங்கள் லட்டு தெருவிலிருந்து வந்தவள். சோறு, முட்டை, வாரத்தில் ஓரிரு நாள் கோழி. பாக்கெட் தீனி மோந்துகூடப் பார்க்க மாட்டாள். எங்கள் புல்லிலும் அதே தட்டு, அதே மஞ்சள். சாதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆசிட்டும் காரணம் இல்லை. காரணம் யூரியா. உரக்கடையில் 45 கிலோ மூட்டையில் விற்கிறார்களே, அதே சரக்கு. இறைச்சி, முட்டை, பருப்பு என்று எதைத் தின்றாலும் அதிலிருக்கும் புரதம் செரித்து மிஞ்சும் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக்கி மூத்திரத்தில் தள்ளுகிறது. கூடவே உப்புகள். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகல இடத்தில் இவ்வளவும் ஒரே மூச்சில் இறங்கினால் வேரால் தண்ணீர் இழுக்க முடியாது, புல் காய்ந்துவிடும்.

சாட்சி வேண்டுமென்றால் அந்த மஞ்சள் தட்டின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். நடுவில் வைக்கோல் நிறம். சுற்றிலும் ஒரு விரல்கடை அகலத்துக்கு மற்ற புல்லைவிடக் கரும்பச்சையாக, உயரமாக ஒரு வளையம் இருக்கும். நடுவில் கொன்ற அதே சரக்கு ஓரத்தில் நீர்த்துப் போய் உரமாகியிருக்கிறது.

அப்பா விஷயம். தென்னைக்கு ஊற்றியது பாத்தி முழுக்கப் பரவியிருக்கும், அடுத்த தண்ணீரில் கரைந்தும் போயிருக்கும். அதே கோமியத்தை நீர்க்காமல் தக்காளி நாற்றில் ஊற்றியிருந்தால் கதை வேறு. பத்து மடங்கு தண்ணீர் கலந்து தெளி என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை. பஞ்சகவ்யத்தையே 3 சதவீதக் கரைசலாகத்தான் அடிக்கச் சொல்கிறார்கள், அதாவது 100 லிட்டருக்கு 3 லிட்டர். மாடு மேய்கிற புல்வெளியிலும் திட்டுகள் உண்டு. நியூசிலாந்துப் பால் பண்ணைகளில் மாடு மூத்திரம் பெய்த திட்டில் விழும் நைட்ரஜனை ஹெக்டேர் கணக்குக்கு மாற்றினால் 1000 கிலோ வரை போகிறது. அவ்வளவையும் புல் குடிக்காது. மிச்சம் நிலத்தடி நீருக்கு இறங்குகிறது என்று அங்கே பெரிய தலைவலி.

சுண்ணாம்பு வாங்கிவிட்டீர்களா? திண்ணைக்கு அடித்துவிடுங்கள்.

பிப்ரவரி 12, 2024, காலை 6:30

ஒன்று விட்டுப்போனது. பொட்டை நாய் என்றீர்களே, பாதிக் காரணம் அது. அதன் மூத்திரத்தில் தனியாக எந்தக் காரமும் கிடையாது. உட்கார்ந்து மொத்தத்தையும் ஒரே இடத்தில் விடுகிறது, அவ்வளவுதான். கடுவன் காலைத் தூக்கிக் கம்பம், டயர், செம்பருத்தி என்று சொட்டுச் சொட்டாகப் பங்கு வைக்கும். கடுவன் குட்டிகள், குடும்பக் கட்டுப்பாடு செய்த கடுவன்கள் சிலதும் உட்கார்ந்தே போகும். அந்த வீடுகளிலும் தட்டு விழும்.

அளவும் பாருங்கள். நல்ல ஆரோக்கியமான நாய் நாளுக்குக் கிலோ எடைக்கு 20 முதல் 40 மில்லி வரை பெய்யும். உங்கள் லாப்ரடார் 28 கிலோ என்று வைத்தால் அரை லிட்டருக்கு மேல், ஒரு லிட்டர் வரைகூட. முக்கால் சென்ட் பாவம் என்ன செய்யும்.

பிப்ரவரி 25, 2024, மாலை 5:15

"ஆசிட் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்" என்று ஈரோட்டு நண்பர் மடக்கினார். நியாயம். கொல்லைப்பக்கப் புல்லில், லட்டு போகாத மூலையில் சோதனை வைத்தேன். ஓரிடத்தில் ஒரு டீஸ்பூன் யூரியாவை டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். ஒரு முழம் தள்ளி, நாக்கைச் சுண்டும் அளவு புளித்த மோர் அதே டம்ளர் அளவு. நாய் மூத்திரத்தைவிடப் புளித்த மோரில் அமிலம் மிக அதிகம். மூத்திரம் பெரும்பாலும் பி.எச். 6க்கும் 7க்கும் சுற்றுவட்டாரம், நடுநிலைக்குப் பக்கம்.

மோர் ஊற்றிய இடத்தில் எறும்பு வந்தது, புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. யூரியா இடம் முதலில் எண்ணெய் பட்டதுபோல் கருத்து, இலை நுனி சுருண்டு, அப்புறம் மஞ்சளாகி, கடைசியில் பச்சை வளையத்தோடு அசல் தட்டாகவே ஆகிவிட்டது. லட்டு வந்து மோந்து பார்த்துவிட்டு, தன் கைவரிசை இல்லையே என்று குழம்பிப் போனாள். வீட்டம்மா மட்டும் "நாய் ஒன்று போதாதா, நீங்களும் ஆரம்பித்துவிட்டீர்களா" என்றார்.

பிப்ரவரி 26, 2024, காலை 8:05

ஈரோட்டு அண்ணா விடவில்லை. "அப்போ உப்புக்குப் பங்கே இல்லையா?" இருக்கிறது. என் சோதனை யூரியாவின் குற்றத்தைத்தான் நிரூபிக்கிறது, உப்பை விடுதலை செய்யவில்லை. நம்மூர் போர்த் தண்ணீரே உப்பு. கோடையில் சிறுவாணிக் குடிநீர் வரும் இடைவெளி நீண்டுவிடும், புல்லுக்குப் போர்த் தண்ணீர்தான். உப்பேறிய மண்ணில் நிற்கும் புல் ஏற்கெனவே தாகத்தில் இருக்கிறது, அதன் தலையில் நாயும் போனால் சீக்கிரம் சாகும். எங்கள் வீட்டில் மார்ச், ஏப்ரலில் விழும் தட்டு ஐப்பசியில் விழுவதில்லை. லட்டு அதே லட்டுதான்.

சென்னை ஈ.சி.ஆர். பக்கம் இருக்கும் அக்கா, உங்களுக்கு மணல் பூமி, ஊற்றினால் சட்டென்று இறங்கி அலசிவிடும், அது லாபம். ஆனால் ஊற்றும் தண்ணீர் எது என்று பாருங்கள். கடல் ஓரத்துப் போர்த் தண்ணீரில் அலசுவதும் அலசாததும் ஒன்று.

மார்ச் 3, 2024, இரவு 10:10

தண்ணீர். இந்த இழையில் ஒரே ஒரு வைத்தியத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நாய் எழுந்து நகர்ந்ததும் பூவாளியோ மக்கோ எடுத்து, பெய்ததைப் போல் மூன்று மடங்காவது அதே இடத்தில் ஊற்ற வேண்டும். தெளித்தால் போதாது. தெளித்தால் பரவும், இறங்காது.

எவ்வளவு நேரத்துக்குள் என்று கேட்டிருந்தார்கள். வெளிநாட்டில் ஒரு சோதனையில் 8 மணி நேரத்துக்குள் தண்ணீர் விட்ட இடங்கள் கருகாமல் செழித்தன, 12 மணி நேரம் தாண்டியவை கருகத் தொடங்கின. அதை நம்பி இங்கே மதியம் வரை சும்மா இருக்காதீர்கள். சித்திரை வெயிலில் மண் சூட்டில் தண்ணீர் ஆவியாகி உப்பும் யூரியாவும் கெட்டிப்பட்டுவிடும். காலை முதல் மூத்திரம்தான் இருக்கிறதிலேயே அடர்த்தி, இரவெல்லாம் தேங்கியது. அதை மட்டும் தவறாமல் பிடித்தாலே தட்டுகள் பாதியாகும்.

புல் வகை பற்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன். 1981இல் அல்லார்ட் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் நான்கு வகைப் புல்லில் நாய் மூத்திரத்தை வெவ்வேறு அளவில், வெவ்வேறு அடர்த்தியில் ஊற்றிப் பார்த்தார். கென்டக்கி புளூகிராஸும் பெர்முடாவும் படு மோசமாகக் கருகின. டால் பெஸ்க்யூவும் ரைகிராஸும் தாங்கின. தாங்கிய இரண்டும் குளிர்நாட்டுச் சரக்கு, நம் சமவெளி வெயிலில் நிற்காது. பெர்முடா என்பது நம் அருகம்புல். பிள்ளையாருக்கு வைக்கிறோமே, அதே இனம். கருகுவதில் முதல் ஆள். ஆனால் அது ஓடுதண்டு விட்டுப் பரவும் வேகத்தில் திரும்பி மூடிக்கொள்கிறது. கொரியன் புல் அப்படி இல்லை, நத்தை. ஒரு தட்டு விழுந்தால் தானாக மூடப் பல மாதம் எடுக்கும். நாய் இருக்கிற வீட்டுக்குக் கொரியன் புல்லைத் தலையில் கட்டும் நர்சரிக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

மார்ச் 4, 2024, காலை 7:00

குன்னூர் வாசகருக்கு: உங்கள் ஊர் கிகுயூ புல்லைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். அதை அழிக்க முடியாமல்தான் நீலகிரியில் ஆட்கள் திண்டாடுகிறார்கள். நாய் தோற்கும்.

மார்ச் 17, 2024, மாலை 4:30

இனி, செத்த தட்டைச் சரிசெய்வது. இன்று நான்கைந்து தட்டு ஒரே மூச்சாகச் செய்தேன், கையில் மண் ஈரம் காய்வதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் அது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். காய்ந்த புல்லை ஒதுக்கிக் கணுவில் நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. தினம் தண்ணீர் மட்டும் ஊற்றி விட்டுவிடலாம். அருகம்புல் என்றால் பெரும்பாலும் வந்துவிடும். தண்டு மடக்கென்று முறிந்து உள்ளேயும் பழுப்பாக இருந்தால் கதை முடிந்தது.

அப்போது செத்ததைக் களைக்கொத்தால் சுரண்டி எடுங்கள். அடியில் ஒரு நெளிந்த பாய் மாதிரி வேரும் சருகும் சேர்ந்து வரும், அதோடு மேல்மண் இரண்டு அங்குலம். குழியை அப்படியே வைத்துப் பக்கெட் பக்கெட்டாக இரண்டு மூன்று தடவை அலசி இறங்க விடுங்கள். பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டு உடனே புது மண் கொட்டிப் புல்லை நடுகிறார்கள். அடியில் இருக்கும் உப்பு புது வேரையும் பிடிக்கும், "நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று பழி அங்கே போகும்.

மறுநாள் ஈரம் வற்றியதும் செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பி, சுற்றுத் தரையைவிடக் கால் அங்குலம் மேலாக வைத்துக் கையால் தட்டுங்கள். அது தாழும், பயம் வேண்டாம். பக்கத்து ஆரோக்கியமான இடத்திலிருந்து வேரோடு பிடுங்கிய துண்டுகள், துண்டுக்கு இரண்டு மூன்று கணு இருக்கும்படி, நான்கு விரல் இடைவெளியில் சாய்த்து ஊன்றுங்கள். ஒரு கணு மண்ணுக்குள், நுனி வெளியே. காலால் லேசாக மிதித்துவிட்டுத் தண்ணீர். வேர் பிடிக்கும் வரை ஈரம் காயக்கூடாது, அப்புறம் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடலாம்.

உருட்டி விற்கும் புல் பாயை வெட்டி ஒட்டுவதும் வழிதான். பார்க்க உடனே அழகு. எனக்கு ஊன்றுவதுதான் பிடிக்கும், காசு செலவில்லை என்பதால்.

யூரியா மட்டும் போடாதீர்கள். புது இடத்துக்கு மட்டுமல்ல, நாய் இருக்கும் வரை அந்தப் புல்தரை முழுமைக்குமே கையை இறுக்கிப் பிடியுங்கள். ஏற்கெனவே நிறைய நைட்ரஜன் கொடுத்த தரை, நாய் மூத்திரம் பெய்ததும் சட்டென்று கருகும். வெட்டும் உயரத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள். மொட்டையடித்த புல் எதையும் தாங்காது.

ஏப்ரல் 7, 2024, காலை 11:20

தக்காளிச் சாறு, வினிகர், ஆப்ப சோடா, தண்ணீர்ப் பாத்திரத்தில் போடும் கல், "புல்லைக் காக்கும்" மாத்திரை. எல்லாவற்றையும் பற்றிக் கேட்டுவிட்டீர்கள்.

தக்காளிச் சாறு கொடுத்ததும் சிலருக்குத் தட்டு குறைந்தது உண்மையாக இருக்கலாம். அது டப்பாச் சாற்றிலுள்ள உப்பின் வேலை. உப்பு உள்ளே போனால் தாகம் எடுக்கும், அதிகம் குடித்தால் மூத்திரம் நீர்க்கும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமான நாய்க்கு இந்த உப்பு ஆபத்து. ஆப்ப சோடாவும் சோடியம்தான், வாயில் கொடுத்தாலும் புல்லில் தூவினாலும். மாத்திரைகளில் பல மெத்தியோனின் போன்றவற்றால் மூத்திரத்தைப் புளிப்பாக்குகிறவை. புளிப்பு இங்கே பிரச்சினையே இல்லை என்பதை மோர்ச் சோதனையில் பார்த்தோம். மூத்திரத்தின் பி.எச்.சை நாமாக இழுத்து மாற்றினால் ஒரு பக்கம் ஒருவகைக் கல், மறுபக்கம் வேறுவகைக் கல் பையில் உருவாக வழி. புல் போனால் ஒரு கூடை வாங்கலாம். நாயின் சிறுநீர்ப்பையில் கை வைக்க எனக்கு மனசு வராது.

தண்ணீரை அதிகமாகக் குடிக்க வைக்க நல்ல வழிகள் உண்டு. சோற்றைக் கஞ்சியாகக் கொடுப்பது, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் பாத்திரம் வைப்பது. உப்பில்லாத எலும்புச் சூப்பைத் தண்ணீரில் ஊற்றினால் லட்டு பாத்திரத்தை நக்கிப் பாலிஷ் போட்டுவிடுகிறாள். சூப்பில் வெங்காயம், பூண்டு கூடாது. இரண்டும் நாய்க்கு ஆகாது.

ஜிப்சம் கேட்டவருக்கு: சோடியம் ஏறிக் கெட்ட களர் மண்ணுக்கு அது மருந்து, யூரியாவுக்கு மருந்தில்லை. உங்கள் மண் களரா என்று தெரிய வேண்டுமானால் வேளாண் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துக் கொடுப்பார்கள். அதைச் செய்துவிட்டு மூட்டை வாங்குங்கள்.

ஏப்ரல் 9, 2024, இரவு 8:45

தெருநாய்கள் கேட்டுக்குள் நுழைந்து புல்லில் போகிறது, சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டில் தொங்கவிட்டால் வராதாமே என்று ஒருவர். எங்கள் தெருவில் பாதி வீட்டில் தொங்குகிறது. எதிர்வீட்டு பாட்டிலுக்கு நேர் கீழேயே ஒரு கடுவன் காலைத் தூக்கியதைப் பால் வாங்கப் போகும்போது பார்த்தேன். நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகவே தெரியும், சிவப்பும் பச்சையும்தான் குழப்பம். தெரிகிற நிறத்தைக் கண்டு அது ஏன் ஓட வேண்டும்?

மிளகாய்ப் பொடி, பினாயில், பாச்சை உருண்டை எதுவும் வேண்டாம். பினாயில் புல்லையும் கொல்லும், பாதத்தையும் புண்ணாக்கும். பாச்சை உருண்டையை நாய் விழுங்கினால் விஷம். கேட்டின் அடியில் கம்பி வலை கட்டுங்கள். வேலை முடிந்தது.

மே 5, 2024, மதியம் 1:30

இழைக்கு வெளியே ஒரு எச்சரிக்கை. "தட்டு விழுந்த இடத்துக்கு ஆமணக்குப் புண்ணாக்கு போட்டேன், அருமையாக வந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, நாய் இருக்கிற வீட்டில் ஆமணக்குப் புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். அதில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கும். வாசனைக்கு நாய் தோண்டித் தின்னும். வாந்தி, ரத்தபேதி, சில சமயம் உயிரே போகும். எலும்புத் தூளோடு கலந்து போட்டால் கேட்கவே வேண்டாம், விருந்து வைத்துக் கூப்பிட்டதுபோல். ஏற்கெனவே போட்டிருந்தால் மேல்மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். நாய் தின்றுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கரையானுக்குப் போடும் குருணை மருந்தும் இதே பட்டியலில்.

ஜூன் 16, 2024, காலை 9:00

தென்மேற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. வெயில் தணிந்து புல் மூச்சு விடுகிறது. உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

தண்ணீர்ப் பூவாளியோடு நாய் பின்னால் எத்தனை காலம் நடப்பது? அதனால் லட்டுவுக்குக் கழிப்பிடம் கட்டினேன். மதில் ஓரம், வேப்பமர நிழல், கட்டில் அளவு இடம். அரை அடி தோண்டி அடியில் ஜல்லி, மேலே தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லில் மலைபோல் கிடக்கும் பழுப்புத் தூள்தான். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் நட்டிருக்கிறேன், வருகிற கடுவன் விருந்தாளிகளுக்காக.

பழக்குவது எளிது, பொறுமைதான் வேண்டும். காலையில் எழுந்ததும் கயிற்றில் பிடித்து நேராக அங்கே. போகும் வரை பேச்சில்லை, விளையாட்டில்லை. போனதும் ஒரு துண்டு முட்டை. முதல் சில நாள் அவளுடைய பழைய மூத்திரம் ஊறிய மண்ணைக் கொஞ்சம் அள்ளி அங்கே போட்டேன், அந்த வாசனைதான் அவளுக்குப் பெயர்ப்பலகை. சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும் மறுபடி அங்கேயே. புல்லில் உட்காரப் போனால் அதட்ட வேண்டாம். அதட்டினால் உங்கள் கண் மறைவில் சோபாவுக்குப் பின்னால் போகக் கற்றுக்கொள்ளும்.

எம்-சாண்ட் போட்டவர்கள் சொன்னது: ஈரம் பட்டுப் பட்டு இறுகிப்போகிறதாம். கூர் ஜல்லி பாதத்தைக் குத்தும், உருண்டைக் கூழாங்கல் பரவாயில்லை.

நார்க்கழிவில் ஒரு வேடிக்கை. அதை மக்க வைக்க வேளாண் பல்கலைக்கழக முறையில் டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்க்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் யூரியா இலவச சப்ளை. மாதம் ஒருமுறை மேல் அடுக்கை வாரி மக்கக் குவிக்கிறேன். மக்கியது செம்பருத்திக்கும் வேலிச் செடிக்கும் மட்டும். கீரைப் பாத்திக்குக் கிடையாது. எலிக்காய்ச்சல் கிருமி நாய் மூத்திரம் வழியாகவும் பரவும். அந்த நோய்க்கான தடுப்பூசியும் லட்டுவுக்கு வருஷா வருஷம் போட்டுவிடுகிறோம், இருந்தாலும் கையுறை இல்லாமல் அதைத் தொடுவதில்லை.

ஜூலை 21, 2024, இரவு 9:15

கேள்வி கேட்ட திருப்பூர்க்காரர் நேற்று எழுதியிருக்கிறார்: "நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை, மூன்று வாரமாகப் புதுத் தட்டே விழவில்லை, தானாகச் சரியாகிவிட்டது!" கீழே நாலைந்து பேர் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏனுங்க, ஒரு நிமிஷம். அது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பாருங்கள். பாத்திரம் அடிக்கடி காலியாகிறதா? ராத்திரி வெளியே விடச்சொல்லிக் கதவைப் பிராண்டுகிறதா? நாயும் தீனியும் மாறாமல் தட்டு மட்டும் நின்றுபோனால் மூத்திரம் நீர்த்துவிட்டது என்று ஒரு அர்த்தம் உண்டு. திருப்பூரில் இப்போது மழை கொட்டவும் இல்லை. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் இரண்டும் இப்படித்தான் தொடங்கும். குடும்பக் கட்டுப்பாடு செய்யாத பொட்டை என்றால் கருப்பையில் சீழ் கட்டுவதும் உண்டு, சூட்டுக்கு வந்து போன சில வாரத்தில். அது தள்ளிப்போடக்கூடிய வியாதி இல்லை. வீண் பயமாகவே இருக்கட்டும். நாளைக்கே காலை முதல் மூத்திரத்தைச் சுத்தமான கிண்ணத்தில் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

ஜூலை 21, 2024, இரவு 9:22

கிண்ணம் பிடிப்பது எப்படி என்று கேட்பதற்குள்: நீளக் கரண்டி. அது உட்கார்ந்த பிறகு பின்பக்கமாக நீட்டுங்கள். முன்பக்கம் நீட்டினால் தீனி என்று நினைத்து எழுந்து வரும்.

ஆகஸ்ட் 4, 2024, மாலை 6:40

திருப்பூரிலிருந்து பதில் வந்தது. கருப்பையில் சீழ்தான். ஸ்கேனில் தெரிந்து அன்றே அறுவை சிகிச்சை, கருப்பையை எடுத்துவிட்டார்கள். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டதாம், சோற்றைக் கண்டால் வாலாட்டுகிறதாம். வாழ்த்துச் சொன்னவர்கள் இப்போது உண்மையாகவே சொல்லலாம்.

தையல் ஆறும் வரை அது எங்கே போனாலும் போகட்டும். புல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 15, 2024, காலை 7:30

"எங்கள் வீட்டில் நாயே கிடையாது, தட்டு மட்டும் விழுகிறது" என்கிறார் பொள்ளாச்சி வாசகர். சிரிக்க வேண்டாம், எல்லா மஞ்சளுக்கும் நாய் பொறுப்பில்லை. மஞ்சள் புல்லைக் கை நிறையப் பிடித்து இழுங்கள். நாய்த் தட்டில் வேர் கெட்டியாகப் பிடித்திருக்கும், இலைதான் அறுந்து வரும். கம்பளத்தைச் சுருட்டுவதுபோல் மொத்தமாக எழுந்து வந்தால் அடியில் வேர்ப்புழு. ஆங்கில சி எழுத்துபோல் வளைந்து, பழுப்புத் தலையோடு, கொழுத்து வெள்ளையாக இருக்கும். மண் பூச்சாகப் படிந்திருந்தால் கரையான். பச்சை வளையமே இல்லாமல், கோடை வந்தால் அதே இடம் அதே வடிவத்தில் காய்ந்தால், கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். வீடு கட்டிய மேஸ்திரி உடைந்த செங்கலையும் சிமெண்ட் கட்டியையும் அங்கே புதைத்திருப்பார். பெரும்பாலான வீடுகளில் இது நடக்கிறது.

நவம்பர் 10, 2024, காலை 10:00

மழை பிடித்துக்கொண்டது. தட்டுப் புகார் எதுவும் இல்லாததால் இழை தூங்கிக்கொண்டிருந்தது. இன்று பெங்களூர் அடுக்ககத்திலிருந்து ஒருவர்: பால்கனியில் பிளாஸ்டிக் புல் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

கருகாது, சரி. ஆனால் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் யூரியாவை உடைத்துப் புல்லுக்குக் கொடுக்கும் வேலை அங்கே நடக்காது. உடைந்து அம்மோனியாவாக மூக்குக்கு வரும். வெயில் பட்டால் பிளாஸ்டிக் புல் சுடும், நாய் காலை மாற்றி மாற்றி வைக்கும். நிழல் பால்கனியாக இருந்து, வாங்கியே தீருவேன் என்றால் அடியில் ஓட்டை உள்ள ரகமாக வாங்குங்கள். தரைக்கும் அதற்கும் நடுவே தண்ணீர் ஓட இடைவெளி வேண்டும், சரிவு வடிகுழாய்ப் பக்கம் இருக்க வேண்டும். தினம் ஒரு பக்கெட் தண்ணீர் விடுங்கள், வாரம் ஒருமுறை தூக்கி அடியைத் தேய்த்துக் கழுவுங்கள். அதற்கு முன்னால் கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வடிகுழாய் அவர் துணி காயப்போடும் கொடிக்கு மேல் திறக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.